எஃகு எங்கே, வெப்பம் எங்கே?

பாலத்தின் தூணோ என்ஜினின் பிஸ்டனோ, கணினியில் அதைச் சோதிப்பவர்கள் முதலில் அதைத் துண்டு போடுகிறார்கள். சிறு சிறு கூறுகளாகப் பிரித்துக் கணக்கிட்டுச் சேர்க்கும் இந்த முறைக்கு ‘ஃபைனைட் எலிமென்ட்’ என்று 1960-இல் பெயர் வைத்தவர் அமெரிக்கப் பொறியாளர் ரே கிளஃப். கூறுகள் சேர்ந்த வலைதான் ‘மெஷ்’.

ஒரு கனசதுரத்தை நீளம், அகலம், உயரம் மூன்றிலும் பத்தாக வெட்டி, ஒவ்வொரு சிறு கனசதுரத்தையும் ஆறு நான்முகிகளாகப் பிளப்போம். நான்முகிகள் 6,000, முனைகள் 1,331, விளிம்புகள் 7,930, முக்கோண முகங்கள் 12,600.

எந்தத் தகவலை எதன்மேல் ஏற்றுவது என்பதை இயற்பியல் தீர்மானிக்கிறது. எஃகா செம்பா என்பது நான்முகிக்கு உரியது. முனையில் எழுதினால், இரண்டும் சந்திக்கும் முனை எந்தப் பக்கம் சேரும்? வெப்பநிலைக்கு அந்தச் சிக்கல் இல்லை. நன்றாக ஒட்டிய இரு உலோகங்களின் எல்லையில் அது ஒன்றே. ஆகவே முனையில் வைக்கலாம். வெளியிலிருந்து அழுத்தும் விசை முகத்துக்குப் போகும். மின்காந்தப் புலத்தை முனைகளில் வைத்தால் இயற்கையில் இல்லாத போலி விடைகள் முளைப்பதுண்டு. கணிதவியலர் நெடெலெக் 1980-இல் முன்வைத்த கூறுகளின் எளிய வடிவம், புலத்தின் மதிப்பை விளிம்புகளில் வைத்து அதைத் தவிர்க்கிறது.

இந்தத் தகவல்களைச் சேமிக்கும் விதம் நில ஆவணம் போன்றது. விவரம் நிலத்தில் இருப்பதில்லை. சர்வே எண்ணுக்கு நேரே பதிவேட்டில் இருக்கிறது. இத்தகைய கணக்குகளுக்கான ‘ஃபீனிக்ஸ்’ மென்பொருளின் முந்தைய வடிவத்தில் இருந்த ‘மெஷ் ஃபங்ஷன்’ இப்படிப்பட்ட பதிவேடுதான்: முகத்துக்கு ஒரு மதிப்பு என்றால் 12,600 மதிப்புகள். ஆனால் கனசதுரத்தின் ஒரு பக்கத்தை மட்டும் சூடாக்கினால் தேவைப்படுவது 200 முகங்களே. புதிய வடிவத்தின் ‘மெஷ் டேக்ஸ்’ குறியிட்ட முகங்களின் எண்ணையும் மதிப்பையும் மட்டும் வைத்துக்கொள்கிறது.

வலையை இன்னும் சிறிய கூறுகளாக நுணுக்கும்போது நிலத்தில் உட்பிரிவு போட்ட கதைதான். பழைய எண்கள் செல்லாது. ‘டீல்.டூ’ என்ற இன்னொரு மென்பொருளில் பிறக்கும் குட்டிக் கூறுகள், எஃகா செம்பா என்று சொல்லும் தாயின் பொருள் குறியைத் தாமாகவே பெறுகின்றன. நாமே தனியாக வைத்த பட்டியலை நாமேதான் மாற்றி எழுத வேண்டும். மறந்தாலும் நிரல் பல நேரம் நிற்காது. வெப்பம் தவறான முகத்தில் பாயும், விடையும் நம்பும்படியே இருக்கும். அதனால்தான் அனுபவசாலிகள் கணக்கை ஓட்டுவதற்கு முன், குறிகளுக்கு வண்ணம் கொடுத்துத் திரையில் ஒருமுறை பார்த்துவிடுகிறார்கள்.