கார் கம்பெனி வேலையை உதறிவிட்டுக் காடு வளர்க்கப் போன என்ஜினீயர்!

திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் மாப்பிள்ளை தேடும் வீட்டில் முதல் கேள்வி எது தெரியுமா? "பையன் பர்மனென்ட்டா?" என்பதுதான். அழகு, படிப்பு எல்லாம் அப்புறம்!

பஸ், லாரி செய்யும் தொழிற்சாலை, மணலி ரிபைனரி, துறைமுகம், இவற்றில் ஒன்றில் பெயர் பதிந்துவிட்டால் போதும். மாசம் பிறந்தால் சம்பளம், தீபாவளிக்குப் போனஸ்.

அப்படிப்பட்ட வேலையை விட்டுவிட்டு, "நான் குழி தோண்டி மரம் நடுற தொழில் பண்ணப் போறேன்" என்று ஒரு பையன் சொன்னால்? "காத்து கருப்பு அடிச்சிருக்கு" என்று மந்திரிக்க அழைத்துப் போய்விடுவார்கள்!

ஆனால் 2011-ல் ஒருவர் நிஜமாகவே அப்படிச் செய்தார். பெயர் சுபேந்து சர்மா. வடக்கே உத்தரகாண்ட் மாநிலத்துக்காரர். பெங்களூரை அடுத்த டொயோட்டா கார் தொழிற்சாலையில் என்ஜினீயர். குறைந்த நேரத்தில், குறைந்த செலவில் அதிகக் கார்களை எப்படிச் செய்வது? அதுதான் அவர் வேலை.

வந்தார் ஜப்பானியர்

அந்தத் தொழிற்சாலை வளாகத்தில் காடு வளர்ப்பதற்காக ஜப்பானிலிருந்து ஒரு பேராசிரியர் வந்தார். அவர்தான் அகிரா மியாவாகி. 2021-ல் 93 வயதில் காலமான இவர், காடு வளர்ப்பதில் உலகப் புகழ் பெற்றவர்.

அவருடைய முறை எளிது. சுமார் 3 அடி ஆழம் மண்ணைக் கிளறி, எருவும் உமியும் கலக்க வேண்டும். அந்தந்த மண்ணுக்குச் சொந்தமான மரங்களாகப் பார்த்து, ஒரு சதுர மீட்டருக்கு மூன்று முதல் ஐந்து கன்று வரை நெருக்கமாக நட வேண்டும். மேலே வைக்கோல் மூட வேண்டும். இரண்டு மூன்று வருடம் தண்ணீர் ஊற்றிக் களை எடுத்தால் போதும். அதன்பின் காடு தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும்.

சர்மா சொக்கிப் போனார். பேராசிரியர் குழுவில் தொண்டராகச் சேர்ந்து தொழில் கற்றார். பிறகு காசிப்பூரில் உள்ள தன் வீட்டுக் கொல்லையிலேயே ஒரு குட்டிக் காட்டை உண்டாக்கினார். இரண்டே வருடத்தில் கோடையிலும் நிலத்தடி நீர் வற்றவில்லை. வந்து போகும் பறவை இனங்கள் இரண்டு மடங்காயின என்கிறார் அவர்.

இதற்குக் கூலியா?

வேலையை விட்டார். 'அஃபாரஸ்ட்' என்ற சின்னக் கம்பெனியைத் தொடங்கினார். மண்ணைச் சோதிப்பது, கன்று தேர்ந்தெடுப்பது, நடுவது, பராமரிப்பது, எல்லாம் அவர்கள் பொறுப்பு. இடம் வைத்திருப்பவர் பணம் கொடுத்தால் போதும்.

மரம் நடுவது தர்மகாரியம் ஆச்சே, அதற்கு யார் காசு கொடுப்பார்கள்? கொடுத்தார்கள்! முதல் ஆர்டர் ஒரு ஜெர்மன் மரச்சாமான் கம்பெனியிடமிருந்து வந்தது: 10 ஆயிரம் மரம். 2015-ல் நெதர்லாந்தின் சான்டாம் நகரில் முதல் குட்டிக் காடு எழுந்தபோதும், வழிகாட்டியவர்களில் இவர் ஒருவர்.

ஆறு கார் இடத்தில் 300 மரம்

இதில் ரகசியம் என்ன? கம்பெனியில் கற்ற வித்தையை அவர் கேட்டிலேயே விட்டுவிட்டு வரவில்லை. ஒரே அசெம்பிளி லைனில் பல மாடல் கார்களைச் செய்வது டொயோட்டா பாணி. காரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மரத்தை வைத்தார், அவ்வளவுதான். செடி, குட்டை மரம், நடுத்தர மரம், உயர மரம் என்று அடுக்கடுக்காக நடுகிறார். ஆறு கார் நிறுத்தும் இடத்தில் 300 மரம் வளர்க்கலாம் என்று 2014-ல் மேடையில் சொன்னார். உமி, வைக்கோல் என்று உள்ளூரில் மலிவாகக் கிடைப்பதுதான் மண்ணுக்கு மருந்து.

சாதாரண நடவைவிடப் பத்து மடங்கு வேகமாக வளரும் என்பது அவர் கணக்கு. தாவரவியலார் எல்லோரும் இதை அப்படியே ஒப்புக்கொள்வதில்லை.

நம்ம பக்கம்?

சென்னை மாநகராட்சி 2020-ல் கோட்டூர்புரத்தில் மியாவாகி காடு போட்டது. ஆனால் மரம் அதிகம் வேண்டியிருப்பது வடக்கே அல்லவா? மிகவும் மாசுபட்ட பகுதிகள் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-ல் போட்ட பட்டியலில் மணலியும் இருந்தது. 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர் கழிமுகத்தில் படிந்தது. அதே மாதம் 26-ந் தேதி இரவு அம்மோனியா கசிந்து, பெரியகுப்பம் மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

காடு வளர்த்தால் வாயுக் கசிவு நின்றுவிடுமா? நிற்காது. அதை ஆலைக்குள்தான் நிறுத்த வேண்டும். கழிமுகத்துச் சேற்றில் கண்ட மரத்தையும் நடக்கூடாது. அது அலையாத்திக்குச் சொந்தமான இடம். ஆனால் ஆலைச் சுவர் ஓரம், பள்ளிக்கூட மைதானத்து மூலை, லாரி நிறுத்தும் இடத்தின் ஓரம், இதற்கெல்லாம் பஞ்சமில்லை. புன்னை, பூவரசு, புங்கன், நாவல் இருக்கிறது. தியாகராஜர் கோவிலில் மகிழடி சேவை காணும் ஊருக்கு மகிழ மரத்தை யாரும் அறிமுகப்படுத்த வேண்டாம்!

வேலையை விட நினைக்கும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. சர்மா கோபத்தில் ராஜினாமா எழுதவில்லை. முதலில் தொண்டராகப் போய்க் கற்றார். அடுத்து சொந்தக் கொல்லையில் செய்து பார்த்தார். கடை திறந்தது அதற்கு அப்புறம்தான். முதல் தேதிச் சம்பளம் நின்றுபோகும்; அது நிச்சயம். கையில் உள்ள வித்தை நிற்காது.

"பையன் பர்மனென்ட்டா?" என்று இனி யாராவது கேட்டால், "வேலை இல்லீங்க, வித்தை பர்மனென்ட்!" என்று சொல்லலாம். பெண் கொடுப்பார்களா என்பது வேறு விஷயம்!