நண்பருக்கு விடை அனுப்பலாமா? ஜிம்னாசிய மாணவர்களின் இணையவழி உதவியும் பரீட்சை விதிகளும்

மே, யூன் மாதங்கள் ஒடென்சேயின் ஜிம்னாசிய மாணவர்களுக்குப் பரீட்சைக் காலம். அந்நாட்களில் பல தமிழ் இல்லங்களில் இரவு நெடுநேரம் பிள்ளைகள் கைத்தொலைபேசியும் கையுமாக இருப்பதைப் பெற்றோர் காண்கின்றனர். அவர்களுட் பலர் பொழுதுபோக்குவதில்லை. ஸ்னாப்சாட், மெசெஞ்சர், டிஸ்கோர்ட் ஆகியவற்றின் குழுக்களில் வினாக்களைப் பகிர்ந்து, ஒருவருக்கொருவர் விளக்கம் அளித்துக்கொள்கின்றனர். இவ்வுதவி பெரிதும் பயனுள்ளது. எனினும், அது ஓர் எல்லையைக் கடக்கும்போது பரீட்சை விதிமீறலாக மாறுகின்றது. அவ்வெல்லை எது என்பதைப் பெற்றோரும் மாணவரும் அறிந்துகொள்வதற்காக இக்கட்டுரை வெளியிடப்படுகின்றது.

இலங்கை முறைக்கும் டேனிஷ் முறைக்கும் உள்ள வேறுபாடு

இலங்கையில் க.பொ.த. உயர்தரம் கற்ற பெற்றோருக்குக் கடந்தகால வினாத்தாள்களை நண்பருடன் கூடியிருந்து செய்த அனுபவம் உண்டு. அங்கு இறுதிப் பரீட்சையின் பெறுபேறே ஏறத்தாழ அனைத்தையும் தீர்மானித்தது. ஆகவே, வீட்டுவேலையின் விடையை நண்பருக்குக் கொடுப்பது எவரும் பாராட்டாத சிறு விடயமாகவே இருந்தது.

டென்மார்க்கில் நிலை வேறு. மாணவர் ஆண்டு முழுவதும் ஒப்படைக்கும் எழுத்துவேலைகளையும் வகுப்பறைப் பங்களிப்பையும் கொண்டு ஆசிரியர் ஆண்டுப் புள்ளியை வழங்குகின்றார். அப்புள்ளியும் பரீட்சைப் புள்ளியும் சான்றிதழில் இடம்பெறுகின்றன. -3 முதல் 12 வரையான ஏழு படிகள் கொண்ட அளவுத்திட்டத்தில் இரண்டும் சேர்ந்தே சராசரியை ஆக்குகின்றன. பல்கலைக்கழக அனுமதியின் முதலாம் ஒதுக்கீட்டில் இடம் கிடைப்பது அச்சராசரியைப் பொறுத்தது. எனவே, இங்கு சாதாரண வீட்டுவேலையும் மதிப்பீட்டுக்குரிய வேலையே.

எவ்வகை உதவி வரவேற்கத்தக்கது?

ஒருவர் கற்றுக்கொள்வதற்குத் துணைசெய்யும் எந்த உதவியும் நல்லதே. எடுத்துக்காட்டாக, ஒரு சார்பின் வகையீட்டைக் காணும் கணக்கில் மாணவர் ஒருவர் தடைப்பட்டால், “இங்கு பெருக்கல் விதியைப் பயன்படுத்திப் பார்” என நண்பர் சுட்டிக்காட்டலாம். அதே வகையைச் சேர்ந்த வேறொரு கணக்கைச் செய்து காட்டலாம். பின்னர் தனது கணக்கை மாணவர் தாமே செய்து முடிக்க வேண்டும். முழு விடையையும் படம்பிடித்து அனுப்பினால் அன்றைய வேலை முடிந்துவிடும். ஆனால் அறிவு வளராது. கணித எழுத்துப் பரீட்சையின் முதற் பகுதியைக் கணினியின் துணையின்றியே எழுத வேண்டும் என்பதை மாணவர் மறத்தலாகாது.

முன்னைய ஆண்டுகளின் வினாத்தாள்களைக் கூட்டாகச் செய்வதும் சிறந்த பயிற்சியாகும். வாய்மொழிப் பரீட்சைக்கும் கூட்டாகத் தயார்செய்யலாம். கணிதம் போன்ற பாடங்களில் பரீட்சைக்குரிய தலைப்புகள் முன்கூட்டியே மாணவருக்கு அறிவிக்கப்படும். நண்பர்கள் அவற்றைத் தமக்குள் பங்கிட்டுக் குறிப்புகள் எழுதி, இணையவழி ஒருவருக்கொருவர் விளக்கிப் பழகுவதில் தவறேதும் இல்லை. ஆயினும், பரீட்சை நாளில் மாணவர் ஒரு தலைப்பைக் குலுக்கலில் எடுத்து, ஆசிரியருக்கும் வெளியிலிருந்து வரும் பரீட்சகருக்கும் முன் தனியே பேச வேண்டும். அவர்கள் இடையிடையே வினவுவர். பிறர் எழுதிய குறிப்பை மனனம் செய்தவர் இரண்டாவது வினாவிலேயே தடுமாறுவார்.

நண்பர் வட்டத்துக்கு வெளியேயும் உதவி உண்டு. ‘ஸ்டுடியபோர்டலன்’ இணையத்தளத்தில் மாணவர்கள் டேனிஷ் மொழியில் வினாக்களை இட்டு ஏனையோரிடம் விளக்கம் பெறுகின்றனர். ‘வெப்மத்தமத்திக்’ தளத்தில் ஜிம்னாசியக் கணிதத்துக்கான விளக்கங்கள் உள்ளன. வினவும்போது, தாம் இதுவரை செய்த படிகளையும் தடைப்பட்ட இடத்தையும் எழுதினால் பயனுள்ள பதில் கிடைக்கும். எழுத்துவேலையைப் பகிரும்போது பெயர், சி.பி.ஆர். இலக்கம், பாடசாலையின் பெயர் ஆகியவற்றை நீக்கிவிடுதல் அவசியம்.

எது விதிமீறல்?

முதலாவது, வீட்டுவேலை. பிறர் எழுதியதைத் தமது படைப்பாக ஒப்படைப்பது ஏமாற்றுதலாகக் கருதப்படும். பல பாடசாலைகள் ஒப்படைக்கப்படும் கட்டுரைகளை வேறு நூல்களோடும் ஏனைய மாணவரின் வேலைகளோடும் கணினி மூலம் ஒப்பிடுகின்றன. ஒத்திருப்பது தெரியவந்தால், அவ்வேலை ஒப்படைக்கப்படாததாகக் கொள்ளப்பட்டு, எழுத்துவேலை வரவின்மையாகப் பதியப்படலாம். மீண்டும் நிகழ்ந்தால் எழுத்துமூல எச்சரிக்கையும் அதனினும் கடுமையான நடவடிக்கையும் தொடரலாம்.

இரண்டாவது, பரீட்சை. எழுத்துப் பரீட்சையின்போது இணையத்தைப் பயன்படுத்துவது பொதுவாகத் தடைசெய்யப்பட்டுள்ளது. கற்பித்தலில் பயன்படுத்தப்பட்டு, பாடசாலை அனுமதித்த மூலங்களுக்கு மட்டுமே விலக்கு உண்டு. பரீட்சை நேரத்தில் எவரோடும் தொடர்புகொள்ளுதல் கூடாது.

இவ்விடத்தில் பெற்றோர் ஒன்றைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். முறையற்ற உதவியைப் பெறுபவரை மட்டுமன்றி, அதனைக் கொடுக்கும் பரீட்சார்த்தியையும் பாடசாலை பரீட்சையிலிருந்து வெளியேற்ற வேண்டும் என்பதே விதி. அவ்வாறு வெளியேற்றப்பட்டவருக்கு அப்பரீட்சையில் புள்ளி கிடையாது. கேட்டவருக்கு இல்லை என்னாது கொடுக்க வேண்டும் என நாம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கின்றோம். அந்நற்பண்பே, இரக்கத்தால் ஒரு விடையை அனுப்பிய கெட்டிக்கார மாணவரின் பெறுபேற்றை இழக்கச் செய்துவிடக்கூடும். “உனக்குப் படிப்பிக்கிறேன், ஆனால் எழுதித் தரமாட்டேன்” என மறுப்பதற்கும் பிள்ளைகளைப் பழக்குதல் வேண்டும்.

மூன்றாவது, வீட்டிலிருந்து எழுதும் பரீட்சைப் பணி. இறுதியாண்டில் எழுதப்படும் எஸ்.ஆர்.பி. எனும் பெரிய எழுத்துப்பணி வீட்டில் எழுதப்பட்டாலும் அது பரீட்சையே. மூலங்களைக் குறிப்பிடாது எடுத்தாளுவதும், வேறொருவர் ஒரு பகுதியை எழுதிக் கொடுப்பதும் விதிமீறலாகும். அப்பணியைப் பற்றிய வாய்மொழிப் பரீட்சையும் உண்டு. விடை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளுக்கும் இதே அளவுகோல் பொருந்தும். அவற்றை எதற்கு, எந்த அளவுக்குப் பயன்படுத்தலாம் என்பதை ஒவ்வொரு பாட ஆசிரியரிடமும் முன்கூட்டியே கேட்டறிக.

குற்றச்சாட்டு எழுந்தால்

ஜிம்னாசியங்கள் மாநகரசபையின் நிருவாகத்தின் கீழ் இல்லை. 2007 முதல் அவை அரச நிதியில் இயங்கும் சுயாதீன நிறுவனங்களாக உள்ளன. ஆகவே, பரீட்சை தொடர்பான முடிவுகளைப் பற்றி முதலில் அப்பாடசாலையின் அதிபரையே நாட வேண்டும். முடிவெடுக்கும் முன் மாணவரின் விளக்கத்தைப் பாடசாலை கேட்க வேண்டும். சந்திப்புக்குத் துணையாக ஒருவரை அழைத்துச் செல்ல மாணவருக்கு உரிமை உண்டு. முடிவு எழுத்தில் வரும்போது, முறைப்பாடு செய்யும் வழியும் காலவரையறையும் அதில் குறிப்பிடப்பட்டிருக்கும். அக்கடிதத்தை ஒத்திவைக்காது வாசித்துக்கொள்க.

மாணவர் 18 வயதை எட்டியபின், அவரது சம்மதமின்றிப் பாடசாலை பெற்றோருக்கு விவரம் தெரிவிக்காது. எனவே, ஏதேனும் நேர்ந்தால் தயங்காது வீட்டில் சொல்லலாம் என்ற நம்பிக்கையை முன்னரே ஏற்படுத்துதல் நன்று.

உதவி பெறும் வழிகள்

அவசரத்திலும் அச்சத்திலுமே பலர் பிறரின் விடையை நாடுகின்றனர். காலந்தாழ்த்தாது உதவி தேடினால் அந்நிலை ஏற்படாது.

• ஒவ்வொரு ஜிம்னாசியத்திலும் கற்கை ஆலோசகர் உள்ளார். பாடச்சுமை, வரவின்மை, பரீட்சைப் பயம் ஆகியவற்றை அவரிடம் பேசலாம்.
• ‘லெக்டியகஃபே’ எனப்படும் வீட்டுவேலை உதவி நேரம் பற்றிப் பாடசாலையிலும், ‘போர்கர்னெஸ் ஹூஸ்’ நூலகத்திலும், வொல்ஸ்மோஸ நூலகத்திலும் விசாரிக்கலாம்.
• கல்வியை இடைநிறுத்த எண்ணும் 25 வயதுக்குட்பட்ட இளையோர் மாநகரசபையின் இளையோர் வழிகாட்டல் பிரிவை நாடலாம்.

டேனிஷ் மொழியில் கட்டுரை எழுதப் பெற்றோரால் உதவ இயலாது போகலாம். ஆனால், “இதை எனக்குத் தமிழில் விளங்கப்படுத்து” எனப் பிள்ளையிடம் கேட்க எந்தப் பெற்றோராலும் இயலும். பிள்ளையால் விளக்க முடிந்தால், அவ்விடை பிள்ளையின் சொந்த விடையே.