‘அவரு ஒரு மாதிரி’

தியாகதுருகம் போன்ற சிறிய ஊர்களில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். அதனால் ஆளுக்கொரு பட்டமும் உண்டு. ஒருவர் இருப்பார், அவரது கடைக் கணக்கில் ஒரு பைசா பிசகாது. ஆனால் கல்யாண வீட்டில் மேளமும் ஒலிபெருக்கியும் சேர்ந்து முழங்கினால், பந்தி முடியும் முன்பே கிளம்பிவிடுவார். ‘இதோ வந்துட்டேன்’ என்றவர் அரைமணி தாமதித்தால் அன்றைய பொழுதே அவருக்குக் குலைந்துபோகும். இப்படிப்பட்டவரை ஊர், ‘அவரு ஒரு மாதிரி’ என்று சொல்லி முடித்துவிடும். பெண்ணாக இருந்தால் ‘அடக்கமான பொண்ணு’ என்ற பாராட்டு வேறு. யாருக்கும் சந்தேகமே வராது. நாற்பது வயதில் ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்து, ‘எனக்கு இருப்பது ஆட்டிசமோ?’ என்று அவருக்கே தோன்றினால், அதை வீண் கற்பனை என்று தள்ள வேண்டியதில்லை.

ஆட்டிசம் என்றாலே நமக்குக் குழந்தைகள்தான் நினைவுக்கு வருகிறார்கள். அமெரிக்க மருத்துவர் லியோ கேனர் 1943-இல் ஆட்டிசம் பற்றிய தன் கட்டுரையில் 11 குழந்தைகளை விவரித்தார். அவர்களில் முதலாமவரான டொனால்ட் டிரிப்லெட் வளர்ந்து, வங்கியில் வேலை பார்த்து, காரோட்டி, ஊர் சுற்றி, 2023-இல் 89 வயதில் இறந்தார். குழந்தைகள் வளர்வார்கள் என்பதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். 2021 நிலவரப்படி உலகில் 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பத்தாயிரம் பேர் உள்ள ஊரில் கிட்டத்தட்ட எண்பது பேர்.

உலகம் ஆட்டிசம் உள்ளவர்களுக்கு ஏன் இவ்வளவு களைப்பூட்டுகிறது? டெல்லி ஐ.ஐ.டி.யில் படித்து அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஆய்வு செய்யும் பவன் சின்ஹா, 2014-இல் ஒரு விளக்கம் தந்தார். மூளை எப்போதும் அடுத்து என்ன நடக்கும் என்று ஊகித்துக்கொண்டே இருக்கிறது. ஆட்டிசத்தில் அந்த ஊகம் சரியாகக் கூடிவருவதில்லை என்பது அவர் கருத்து. உளுந்தூர்பேட்டை - சேலம் சாலையில் தினமும் பேருந்து ஓட்டுபவருக்கு வேகத்தடை எங்கே வரும் என்று உடம்புக்கே தெரியும். புதிதாக வருபவர் ஒவ்வொரு கஜத்தையும் உற்றுப் பார்த்தே ஓட்ட வேண்டும். ஆட்டிசம் உள்ளவருக்கு நேற்றுப் போன சாலையே இன்றும் புதிது. 2017-இல் லண்டன் ஆய்வாளர்கள், ஆட்டிசம் உள்ள பெரியவர்களின் கண்மணி விரிவதை அளந்து பார்த்தார்கள். எதிர்பாராதது நடந்தபோது அவர்களுக்கு மற்றவர்களைவிட வியப்பு குறைவாகவே இருந்தது. எதுவும் எப்போதும் மாறலாம் என்றே அவர்கள் மூளை கணக்குப் போட்டிருந்தது. இந்த ஊக விளக்கம் முடிந்த முடிவல்ல, விவாதம் நடக்கிறது. பிறர் செயலைக் கண்ணாடிபோலப் பிரதிபலிக்கும் மூளைச் செல்கள் பழுதானதே காரணம் என்று நம் நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன் சொன்ன ‘உடைந்த கண்ணாடி’க் கருத்தும் ஒரு காலத்தில் பெரிதாகப் பேசப்பட்டது. பிறகு வந்த சோதனைகளில் அது நிற்கவில்லை.

பிறர் மனம் இவர்களுக்குப் புரியாது என்ற பழைய புகாருக்கும் மறுப்பு வந்தாயிற்று. தானும் ஆட்டிசம் உள்ளவரான டேமியன் மில்டன் 2012-இல் திருப்பிக் கேட்டார்: எங்கள் மனம் உங்களுக்குப் புரிகிறதா? புரியாமை இருபக்கமும் இருக்கிறது என்பது அவர் வாதம். எனக்கு இதில் சந்தேகமே இல்லை. ‘பார்க்கலாம்’ என்று சொல்லி ‘முடியாது’ என்று உணர்த்துகிற நாம்தான், சொன்னதை அப்படியே நம்பியவரை விவரம் தெரியாதவர் என்கிறோம்.

சட்டம் மெல்லத்தான் நகர்ந்தது. 1995-ஆம் ஆண்டு ஊனமுற்றோர் சட்டத்தில் ஆட்டிசம் இல்லை; 2016 சட்டத்தின் 21 வகைகளில் சேர்ந்தது. சான்றிதழுக்கான இந்திய அளவுகோலில் 40 கூறுகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 70-ஐத் தொட்டால் ஆட்டிசம். கண் பார்த்துப் பேசாமை, சொன்னதையே திரும்பச் சொல்லுதல் என்று வெளியே தெரிபவையே அதில் அதிகம். முப்பது வருடமாக எல்லாரையும் பார்த்துப் பார்த்துச் சிரிக்கக் கற்றுக்கொண்ட பெரியவர் இதில் எளிதாகத் தப்பிவிடுவார். நாள் முழுக்க அப்படி நடித்துவிட்டு வீட்டுக்கு வந்து சுருண்டு படுப்பது மதிப்பெண்ணில் ஏறாது.

ஐயம் இருந்தால் மனநல மருத்துவரிடமே கேளுங்கள். இணையத்தில் வரும் கேள்வித்தாள் நோயறிதல் ஆகாது. சிறு வயதிலேயே அறிகுறிகள் இருந்தனவா என்று மருத்துவர் கட்டாயம் கேட்பார். எப்போது பேச ஆரம்பித்தீர்கள், யாரோடு விளையாடினீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கு நினைவிருக்காது. அம்மாவையோ அக்காவையோ கூட அழைத்துப் போங்கள். அம்மாவுக்கு வயதாகிறது என்றால், தள்ளிப்போடாதீர்கள்.