பப்மெட் தேடல்

பப்மெட் என்பது மருத்துவம், உயிரியல் ஆகிய துறைகளின் ஆய்விதழ்களில் வெளியாகும் கட்டுரைகளைக் கண்டறிய உதவும் கட்டணமற்ற இணையத் தரவுத்தளம் ஆகும். ஐக்கிய அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் இதனை நடத்தி வருகிறது. 1996 இல் சோதனை முறையில் தொடங்கப்பட்டு, 1997 சூன் மாதம் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. இதில் 3.7 கோடிக்கும் மேற்பட்ட கட்டுரைகளின் விவரங்கள் உள்ளன. இவற்றுட் பல தலைப்பு, ஆசிரியர் பெயர், சுருக்கம் என்ற அளவிலேயே நிற்பன. முழுக் கட்டுரையைப் படிக்க இதழின் தளத்துக்கோ, பப்மெட் சென்ட்ரல் என்னும் களஞ்சியத்துக்கோ செல்லவேண்டும்.

தேடும் முறை

பயனர் இடும் சொல்லை இத்தளம் அப்படியே தேடுவதில்லை. நூலகம் 1960 முதல் பேணிவரும் 'மெஷ்' என்னும் மருத்துவக் கலைச்சொல் பட்டியலுடன் அதை ஒப்பிட்டு, பொருந்தும் கலைச்சொல்லையும் சேர்த்தே தேடுகிறது. 'ஹார்ட் அட்டாக்' என ஆங்கிலத்தில் இட்டால், 'மயோகார்டியல் இன்ஃபார்க்சன்' என்ற தலைப்பின் கீழ் வகைப்படுத்தப்பட்ட கட்டுரைகளும் கிடைப்பது இதனாலேயே. சொற்றொடரை மேற்கோள் குறிகளுக்குள் இட்டால் இப்பொருத்தம் நின்றுவிடும். துல்லியம் கருதிப் பலர் இவ்வாறு செய்து, தேவையான கட்டுரைகளையும் இழந்துவிடுகின்றனர். மறுபுறம், கலைச்சொல்லை மட்டும் நம்புவதும் போதாது. மிக அண்மையில் சேர்க்கப்பட்ட பதிவுகள் பலவற்றுக்கு அது இன்னும் இடப்பட்டிருக்காது.

'ஆண்ட்', 'ஆர்', 'நாட்' ஆகிய இணைப்புச் சொற்களைப் பெரிய எழுத்துகளில் இடவேண்டும். இவற்றுள் 'நாட்' என்பதைக் கவனத்துடன் கையாளவேண்டும். சிறுவர் பற்றியவற்றை விலக்க அதைப் பயன்படுத்தினால், சிறுவரையும் பெரியவரையும் சேர்த்து ஆராய்ந்த கட்டுரைகளும் நீங்கிவிடும்.

தேடலின் எல்லை

2001 இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆஸ்துமா தொடர்பான ஆய்வொன்றில், ஹெக்சாமெத்தோனியம் என்ற மருந்தை முகர்ந்த 24 வயதுத் தன்னார்வலர் ஒருவர் நுரையீரல் பாதிப்பால் இறந்தார். அவர் நோயற்றவராக இருந்தவர். ஆய்வாளர் முன்னதாகப் பப்மெட்டில் தேடியிருந்தார். ஆனால் அக்காலத்தில் அத்தளம் 1966 இற்குப் பிந்திய கட்டுரைகளையே கொண்டிருந்தது. அம்மருந்து நுரையீரலுக்கு ஊறு விளைவிக்கக்கூடும் என்பதைச் சுட்டிய கட்டுரைகளோ 1950களில் வெளியானவை. நூலகங்களின் அச்சு அட்டவணைகளில் அவை இருந்தன. இறப்பைத் தொடர்ந்து, அங்கு நடுவண் அரசு நிதியில் நடந்த மனித ஆய்வுகளுள் ஏறத்தாழ அனைத்தும் சில நாட்கள் நிறுத்திவைக்கப்பட்டன.

1946 வரையிலான பழைய பதிவுகள் பின்னர் பப்மெட்டில் சேர்க்கப்பட்டன. எனினும் அவற்றிற் பெரும்பாலானவற்றுக்குச் சுருக்கம் இல்லாமையால், தலைப்பில் இல்லாத சொல்லைக் கொண்டு அவற்றை எட்டுவது கடினம். 1946 இற்கு முந்திய காலத்தில் சில இதழ்களே இடம்பெற்றுள்ளன. ஏனையவற்றுக்கு 1879 இல் தொடங்கிய 'இன்டெக்ஸ் மெடிக்கஸ்' முதலிய அச்சுத் தொகுதிகளையே புரட்டவேண்டியுள்ளது.