நோயெதிர்ப்புச் சிறுதட்டுக் குறைவில் மண்ணீரல் அகற்றம்

நோயெதிர்ப்புச் சிறுதட்டுக் குறைவு என்பது உடலின் நோயெதிர்ப்பு மண்டலம் தன் குருதியிலுள்ள சிறுதட்டுகளையே அழிப்பதால் உண்டாகும் குருதி நோயாகும். மருத்துவமனைகளில் இது ஐ.டி.பி. என்றே வழங்கப்படுகிறது. இந்நோய்க்கு நூறாண்டுகளுக்கும் மேலாகச் செய்யப்பட்டு வரும் சிகிச்சை, மண்ணீரலை அறுவை மூலம் அகற்றுவது. வளர்ந்தோரில் ஏறத்தாழ மூவரில் இருவர் இதன்பின் மருந்தின்றி வாழ முடிகிறது. எஞ்சிய ஒருவருக்கு நிலைத்த பலன் கிடைப்பதில்லை. அவர் யார் என்று முன்கூட்டியே உறுதியாகச் சொல்லும் சோதனையும் பொதுப் பயன்பாட்டில் இல்லை. அகற்றிய உறுப்பைத் திரும்ப வைக்க முடியாது என்பதால், அறுவைக்கு ஒப்புக்கொள்வதா என்பது நோயாளிக்கும் மருத்துவருக்கும் கடினமான முடிவாகவே இருந்து வருகிறது.

மண்ணீரலின் பங்கு

மண்ணீரல் வயிற்றின் இடப்பக்கம், விலா எலும்புகளுக்கு அடியில் உள்ள, கைப்பிடி அளவிலான உறுப்பு. எடை 150 முதல் 200 கிராம் வரை இருக்கும். மூப்படைந்த சிவப்பணுக்களை வடிகட்டி அழிப்பதும், உடலிலுள்ள சிறுதட்டுகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கைத் தன்னிடம் தேக்கி வைப்பதும், குருதியில் நுழையும் பாக்டீரியாக்களைப் பிடிப்பதும் இதன் வேலைகள்.

நலமுள்ள ஒருவரின் குருதியில் ஒரு மைக்ரோலிட்டருக்கு 1,50,000 முதல் 4,50,000 சிறுதட்டுகள் இருக்கும். ஒவ்வொன்றும் 7 முதல் 10 நாள் வரை வாழும். ஐ.டி.பி. நோயில் பிறபொருளெதிரிகள் சிறுதட்டுகளின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்கின்றன. மண்ணீரலிலுள்ள பெருவிழுங்கி அணுக்கள் இப்படி அடையாளமிடப்பட்ட சிறுதட்டுகளை விழுங்கிவிடுகின்றன. அந்தப் பிறபொருளெதிரிகளில் ஒரு பகுதி உற்பத்தியாவதும் மண்ணீரலிலேயே. ஆக, மண்ணீரலை எடுத்தால் அழிக்கும் இடமும் போகிறது, அழிவுக்குத் தூண்டுவதை உண்டாக்கும் இடமும் ஓரளவு போகிறது. சிலருக்குச் சிறுதட்டுகள் பெரும்பாலும் கல்லீரலில் அழிகின்றன. அவர்களுக்கு அறுவையால் கிடைக்கும் பலன் குறைவு.

ஐ.டி.பி. நோயாளிக்கு மண்ணீரல் பொதுவாக வீங்கியிருக்காது. கையால் தொட்டு உணரும் அளவுக்கு அது வீங்கியிருந்தால், வேறு நோய் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். டெங்குக் காய்ச்சலில் சிறுதட்டுகள் குறைவதற்கும் இந்நோய்க்கும் தொடர்பில்லை. டெங்குவில் அவை சில நாட்களில் தாமாகவே ஏறிவிடும்.

வரலாறு

இந்நோயின் குருதிப்புள்ளிகளை செருமானிய மருத்துவர் பவுல் வெர்ல்ஹோஃப் 1735-இல் விவரித்தார். மண்ணீரலை எடுக்கலாம் என்ற எண்ணம் பிராகு நகரில் தோன்றியது. அங்கு மருத்துவ மாணவராக இருந்த பவுல் காட்ஸ்நெல்சன், சிவப்பணுக்கள் அழியும் சோகை நோயில் மண்ணீரலை எடுத்தால் பலன் கிடைப்பதைக் கண்டு, சிறுதட்டுகளும் அங்கேதான் அழிகின்றன என்று கருதினார். அவர் வற்புறுத்தியதன் பேரில், 1916-இல் பேராசிரியர் ஷ்லோஃபர் ஒரு பெண் நோயாளிக்கு அறுவை செய்தார். அவருடைய சிறுதட்டு எண்ணிக்கை வெகுவாக உயர்ந்தது. சிறுதட்டுகள் உற்பத்தியாகாமையே நோய்க்குக் காரணம் என்று சில அறிஞர்கள் உறுதியாக வாதிட்ட காலம் அது. ஒரு மாணவரின் ஊகத்தை நம்பிப் பேராசிரியர் ஒருவர் கத்தியை எடுத்தது இன்று நினைத்தாலும் வியப்பாக இருக்கிறது.

அழிவுக்குக் காரணமான பொருள் குருதியிலேயே இருக்கிறது என்பதைக் காட்டியவர் அமெரிக்காவின் செயின்ட் லூயிசு நகர மருத்துவர் வில்லியம் ஆரிங்டன். இந்நோய் உள்ள ஒருவரின் குருதியைத் தன் உடலில் ஏற்றிக்கொண்டார். சில மணி நேரத்தில் அவருடைய சிறுதட்டுகள் ஆபத்தான அளவுக்குச் சரிந்தன. பின் சில நாட்களில் மீண்டன. இதன் முடிவுகள் 1951-இல் வெளியாயின.

அறுவை பற்றிய பேச்சு எப்போது எழுகிறது

ஐ.டி.பி. என்று கண்டறியப்பட்ட உடனே யாரும் மண்ணீரலை எடுப்பதில்லை. வளர்ந்தோரில் எண்ணிக்கை 30,000-க்கு மேலிருந்து, குருதிக்கசிவும் இல்லாவிட்டால், பலருக்கு மருந்தே தேவைப்படாது. அதற்குக் கீழே போனால் பிரெட்னிசோலோன் அல்லது டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு மருந்துகள் முதலில் தரப்படும். பெரும்பாலோருக்கு எண்ணிக்கை ஏறும். ஆனால் மருந்தைக் குறைத்தவுடன் பலருக்கு மீண்டும் இறங்கிவிடும். சிக்கல் இங்குதான் தொடங்குகிறது. ஸ்டீராய்டை மாதக்கணக்கில் எடுத்தால் சர்க்கரை நோய், எலும்புத் தேய்வு, முகவீக்கம், உறக்கமின்மை, மனநிலை மாற்றம் என்று ஒவ்வொன்றாக வந்து சேரும். நோயைவிட மருந்து அதிகம் வருத்துகிறது என்று நோயாளிகள் சொல்வது மிகையன்று.

அமெரிக்கக் குருதியியல் கழகத்தின் 2019 வழிகாட்டுதல், கூடுமானவரை நோய் கண்டறிந்து ஓராண்டாவது கழிந்த பின்னரே மண்ணீரலை அகற்ற வேண்டும் என்கிறது. அந்த ஓராண்டுக்குள் சிலருக்கு நோய் தானாகவே தணிந்துவிடும் என்பதே காரணம். குழந்தைகளில் இது இன்னும் தெளிவாகத் தெரிகிறது. பெரும்பாலான குழந்தைகளுக்கு 6 முதல் 12 மாதங்களுக்குள் நோய் விலகிவிடும். அதனால் குழந்தைகளுக்கு அறுவை மிக அரிதாகவே பரிந்துரைக்கப்படுகிறது.

எண்ணிக்கையை மட்டும் பார்த்து முடிவெடுப்பது தவறு. 20,000 சிறுதட்டுகளுடன் கசிவின்றி ஆண்டுக்கணக்கில் இருப்போர் உண்டு. முதியவர்கள், குருதி உறைவைத் தடுக்கும் மருந்து எடுக்க வேண்டியவர்கள், முன்பு பெருங்கசிவு கண்டவர்கள் ஆகியோருக்கு அதே எண்ணிக்கை ஆபத்தானது. எல்லோரும் அஞ்சுவது மூளைக்குள் ஏற்படும் குருதிக்கசிவை. அது அரிதே, ஆனால் உயிரைப் பறிக்கக்கூடியது.

மருந்தா, அறுவையா

2008 வரை, ஸ்டீராய்டு கைவிட்டால் அடுத்தது அறுவை என்பதே வழக்கமாக இருந்தது. அந்த ஆண்டில் ரொமிப்ளோஸ்டிம், எல்ட்ரோம்போபாக் ஆகிய மருந்துகளுக்கு அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. இவை அழிவைத் தடுப்பதில்லை. எலும்பு மச்சையைத் தூண்டிக் கூடுதலாகச் சிறுதட்டுகளை உண்டாக்கச் செய்கின்றன. முதலாவது வாரம் ஒருமுறை தோலுக்கடியில் போடும் ஊசி. இரண்டாவது நாள்தோறும் விழுங்கும் மாத்திரை. பால், தயிர் போன்ற சுண்ணாம்புச் சத்துள்ள உணவுடன் சேர்த்து எடுத்தால் உடலில் சேராது. பெரும்பாலோருக்கு இவை பலன் தருகின்றன. நிறுத்தினால் பலருக்கு எண்ணிக்கை மீண்டும் விழும். ஒரு பகுதியினருக்கு மட்டும் மருந்தை நிறுத்திய பின்னும் நிலைத்து நிற்கிறது. மூன்றாவது வழி ரிட்டுக்சிமாப். பிறபொருளெதிரிகளின் ஊற்றான பி-அணுக்களை இது அழிக்கிறது. தொடக்கத்தில் பலருக்குப் பலன் தெரிந்தாலும் ஆண்டுகள் செல்லச் செல்ல அது தேய்கிறது.

மேற்சொன்ன வழிகாட்டுதல் ரிட்டுக்சிமாபை அறுவைக்கு முன்பாக வைக்கிறது. மச்சையைத் தூண்டும் மருந்துக்கும் அறுவைக்கும் இடையே எதையும் தேர்ந்தெடுக்கலாம் என்று விட்டுவிடுகிறது. அதாவது, நோயாளியின் விருப்பமே இங்கு எடைக்கல். வாழ்நாள் முழுதும் மாத்திரையும் குருதிச் சோதனையுமாக இருக்க விரும்பாத இளைஞர் அறுவையைத் தேர்வது நியாயமானது. இளம் வயதினருக்கே அறுவையின் பலனும் கூடுதல். எழுபது வயதில் இதய நோயும் உள்ள ஒருவருக்கு மருந்தே மேல். மருந்துச் செலவைத் தாமே ஏற்க வேண்டிய குடும்பங்களில் கணக்கு மாறுகிறது: ஒருமுறை செலவாகும் அறுவையா, மாதந்தோறும் செலவாகும் மருந்தா என்ற கேள்வி மருத்துவ நூல்களில் சில வரிகளில் முடிந்துவிடும், வீட்டில் அப்படி முடிவதில்லை.

அறுவையின் பலன்களைத் தொகுத்த 2004-ஆம் ஆண்டு ஆய்வு, வளர்ந்தோரில் 66 விழுக்காட்டினருக்கு எண்ணிக்கை முழுமையாக இயல்புக்குத் திரும்பியதைக் காட்டியது. வயிற்றைத் திறந்து செய்த அறுவையில் இறப்பு 1 விழுக்காடு. சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பி அறுவையில் 0.2 விழுக்காடு.

தொற்று ஆபத்து

அறுவைக்குத் தயங்குவதற்கான முதன்மைக் காரணம் இதுவே. நிமோகாக்கசு, மெனிங்கோகாக்கசு, ஈமோஃபிலசு இன்ஃபுளுயென்சா பி-வகை ஆகிய பாக்டீரியாக்கள் மேலே உறை கொண்டவை. இவற்றைக் குருதியிலிருந்து நீக்குவதில் மண்ணீரலுக்கு நிகரான உறுப்பு இல்லை. 1952-இல் கிங், சூமேக்கர் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள், மண்ணீரல் அகற்றப்பட்ட ஐந்து பச்சிளங்குழந்தைகளுக்குக் கடும் தொற்று ஏற்பட்டதை வெளியிட்டனர். அதன் பிறகே, மண்ணீரல் இல்லாமலும் இடரின்றி வாழலாம் என்ற நம்பிக்கை ஆட்டம் கண்டது.

இத்தொற்று அரிதானது. வந்தால் சாதாரணக் காய்ச்சல், குளிர், உடல்வலி என்றுதான் தொடங்கும். ஓரிரு நாளில், சிலருக்குச் சில மணி நேரத்திலேயே, உயிருக்கு ஆபத்தாகிவிடும். தாக்கப்பட்டோரில் பாதிப்பேர் வரை இறக்கலாம். அறுவைக்குப் பிந்தைய முதல் சில ஆண்டுகளில் ஆபத்து கூடுதல் என்றாலும், பல பத்தாண்டுகள் கழித்தும் இது வந்திருக்கிறது. எனவே மண்ணீரல் இல்லாதவருக்குக் காய்ச்சல் கண்டால் ‘நாளை பார்க்கலாம்’ என்று இருக்கக் கூடாது. கைவசம் வைத்துள்ள நுண்ணுயிர் எதிர்ப்பியின் முதல் வேளையை எடுத்துவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மண்ணீரல் இல்லை என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்ல வேண்டும். மலேரியா இவர்களைக் கடுமையாகத் தாக்கும். நாய் கடித்தால், காயம் சிறியதானாலும், மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அறுவைக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே மூன்று பாக்டீரியாக்களுக்கும் எதிரான தடுப்பூசிகளைப் போட்டுக்கொள்வது நல்லது. இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. ரிட்டுக்சிமாப் எடுத்து ஆறு மாதங்களுக்குள் போடும் தடுப்பூசிக்கு உடல் சரியாக எதிர்வினை காட்டாது. அதாவது, ரிட்டுக்சிமாப் பலனளிக்காமல் போய், விரைவிலேயே அறுவை செய்ய நேர்ந்தால், தடுப்பூசியின் காப்பும் முழுமையாகக் கிடைக்காது. பின்னர் அறுவைக்கு வாய்ப்பிருப்பவருக்கு ரிட்டுக்சிமாபுக்கு முன்பே தடுப்பூசிகளைப் போட்டுவிடுவதே அறிவுடைமை.

தொற்று தவிர, குருதி உறைவு ஆபத்தும் கூடுகிறது. அறுவைக்குப் பிந்தைய வாரங்களில் கல்லீரலுக்குச் செல்லும் வாயிற்சிரையில் உறைகட்டி உண்டாகலாம். விடாத வயிற்று வலி அதற்கான அறிகுறி.

கருத்தரிக்க விரும்பும் பெண்கள்

எல்ட்ரோம்போபாக் போன்ற மருந்துகள் பொதுவாகக் கருவுற்ற காலத்தில் தரப்படுவதில்லை. அதனால் குழந்தை பெற விரும்பும் பெண்கள் சிலர் முன்னதாகவே அறுவையை முடித்துக்கொள்ள எண்ணுகின்றனர். அறுவைக்குப் பின் தாயின் எண்ணிக்கை இயல்பாக இருந்தாலும், பிறபொருளெதிரிகள் அவர் குருதியில் தொடர்ந்து இருக்கக்கூடும். அவை நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்குச் செல்லும் என்பதால், பிறந்த குழந்தைக்கும் சிறுதட்டுச் சோதனை செய்வது தேவை.

பிற குருதி நோய்களில்

ஒரே அறுவையானாலும் நோய்க்கு நோய் கணக்கு வேறு. பரம்பரைக் கோள அணு நோயில் மண்ணீரலை எடுத்தால் சோகை ஏறக்குறைய முழுதும் நீங்கும். பலன் பற்றிய ஐயம் குறைவு, ஆனால் குழந்தைக்கு ஆறு வயதாகும் வரை காத்திருப்பது வழக்கம். தலசீமியாவில் முன்பு பரவலாகச் செய்யப்பட்ட இவ்வறுவை, குருதி உறைவும் நுரையீரல் தமனி அழுத்தமும் பின்னாளில் கூடுவது தெரிந்தபின் வெகுவாகக் குறைந்துவிட்டது.

பலன் கிடைக்காதபோது

அறுவைக்குப் பின் எண்ணிக்கை ஏறாவிட்டாலோ, ஏறிப் பின் சரிந்தாலோ, துணை மண்ணீரல் விடுபட்டிருக்கிறதா என்று பார்க்கப்படும். பத்தில் ஒருவருக்காவது இத்தகைய சிறு மண்ணீரல் திசு பிறப்பிலேயே இருக்கும். மண்ணீரல் முற்றிலும் இல்லாதவரின் சிவப்பணுக்களில் ஓவெல்-ஜாலி துகள்கள் நுண்ணோக்கியில் தென்படும். அவை தென்படாவிட்டால் எங்கோ மண்ணீரல் திசு எஞ்சியிருக்கிறது என்று கொள்ளலாம். அப்படி எதுவும் இல்லையெனில் மீண்டும் மருந்துகளை நாட வேண்டியதுதான். மச்சையைத் தூண்டும் மருந்துகள் மண்ணீரல் அகற்றப்பட்டவர்களிடமும் வேலை செய்கின்றன.