கொடுக்கும் முன் கேட்க வேண்டிய கணக்கு

அறக்கொடையின் பெயரால் நடக்கும் மோசடிகள் இரு வகைப்படும். முதல் வகையில், உண்மையான ஓர் அமைப்பின் பெயரை வேறொருவர் திருடிப் பணம் திரட்டுகிறார். இரண்டாம் வகையில், முறைப்படி பதிவு பெற்ற அமைப்பே திரட்டிய பணத்தைத் தன் நிர்வாகிகளுக்கும் வசூல் முகவர்களுக்கும் செலவிட்டுவிடுகிறது. முதலாவதைக் கண்டறியப் பணம் செல்லும் முகவரியைச் சரிபார்த்தால் போதும். இரண்டாவதைக் கண்டறிய வரவுசெலவுக் கணக்கைப் படித்தாக வேண்டும்.

பெயர்த் திருட்டு பெரும்பாலும் பேரிடர்க் காலங்களில் தலைதூக்குகிறது. கொரோனா நிவாரணத்துக்கான பிஎம் கேர்ஸ் நிதியம் 2020 மார்ச் இறுதியில் தொடங்கப்பட்டவுடனேயே, அதன் யுபிஐ முகவரியில், அதாவது கணக்கு எண்ணுக்கு மாற்றாகக் கைப்பேசிப் பணப் பரிமாற்றத்தில் பயன்படும் அடையாளக் குறியில், ஓர் எழுத்தை மட்டும் விட்டுவிட்ட போலி முகவரி உலவியது. தில்லி காவல்துறை எச்சரித்ததையடுத்து அது முடக்கப்பட்டது. வாட்ஸ்அப்பில் வரும் க்யூஆர் குறியீட்டை நம்பாமல் அமைப்பின் அதிகாரபூர்வத் தளத்திலிருந்தே முகவரியை எடுப்பதும், ரகசிய எண்ணை இடுவதற்கு முன் திரையில் தோன்றும் பெறுநர் பெயரை வாசிப்பதும் இத்தகைய மோசடியைப் பெருமளவு தடுக்கும்.

பதிவு பெற்ற அமைப்புகளின் மோசடி இதைவிட நுட்பமானது. 2015 மே மாதத்தில் அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையமான ஃபெடரல் டிரேட் கமிஷனும் 50 மாநிலங்களும் இணைந்து, 'கேன்சர் ஃபண்ட் ஆஃப் அமெரிக்கா' உள்ளிட்ட நான்கு அமைப்புகள்மீது வழக்குத் தொடுத்தன. புற்றுநோயாளிகளுக்கு உதவுவதாகக் கூறி 2008 முதல் 2012 வரை அவை 18.7 கோடி டாலருக்கு மேல் திரட்டியதாகவும், ஒவ்வொரு நன்கொடையிலும் பல வேளைகளில் 85 விழுக்காடோ அதற்கும் அதிகமாகவோ வசூல் முகவர்களுக்கே சென்றதாகவும், எஞ்சியதில் பெரும்பகுதி நிர்வாகிகளின் குடும்பத்தினருக்கும் சொகுசுப் பயணங்களுக்கும் செலவானதாகவும் ஆணையம் குற்றஞ்சாட்டியது. வெளிநாடுகளுக்கு அனுப்பியதாகக் காட்டிய பொருள்களின் மதிப்பைக் கணக்கில் ஏற்றியதால், நிர்வாகச் செலவு குறைவாகவும் தொண்டு அதிகமாகவும் தோன்றின. ஆகவே செலவு விகிதத்தை மட்டும் பார்ப்பதும் போதாது. ரொக்கமாக வந்தது எவ்வளவு, அதில் பயனாளிகளைச் சென்றடைந்தது எவ்வளவு என்று பிரித்துக் கேட்க வேண்டும்.

இந்தியாவில் பலரும் நம்பும் சான்று, நன்கொடையாளருக்கு வரிக்கழிவு அளிக்க வழிசெய்யும் 80ஜி அங்கீகாரம் ஆகும். 2021-22 நிதியாண்டு முதல் இத்தகைய அமைப்புகள் பெற்ற நன்கொடைகளை வருமான வரித்துறைக்குத் தெரிவித்து, 10பிஇ எனப்படும் சான்றிதழை நன்கொடையாளருக்கு வழங்க வேண்டும் என்பதால், வெறும் ரசீதைக் காட்டிலும் இதனைப் போலியாக உருவாக்குவது கடினம். ரூ.2,000-க்கு மேற்பட்ட ரொக்க நன்கொடைக்கு வரிக்கழிவு இல்லாததால், ரொக்கமாகவே வேண்டும் என வற்புறுத்துவோரிடம் ஐயம் கொள்வது தகும். நிதி ஆயோக்கின் 'தர்பண்' தளத்தில் அமைப்பின் பதிவு விவரங்களையும் பார்க்கலாம். எனினும் இவையெல்லாம் அமைப்பு இருப்பதற்கான சான்றுகளே அன்றி, அது நேர்மையாகச் செலவிடுகிறது என்பதற்கான உறுதிமொழிகள் அல்ல. அதற்குத் தணிக்கை செய்யப்பட்ட ஆண்டறிக்கையைக் கேட்டுப் பெற வேண்டும். கணக்குக் கேட்டவுடன் சினந்தோ இன்றே கொடுக்க வேண்டும் என்று நெருக்கியோ பேசும் அமைப்புக்குக் கொடுக்காமல் விலகுவதே நல்லது.

ஏமாந்தது தெரிந்தால் தயங்காமல் வங்கிக்கும் 1930 என்னும் இணையக் குற்ற உதவி எண்ணுக்கும் உடனே தெரிவிக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாற்றப்படுவதற்குள் புகார் சென்றால்தான் அதை முடக்கி மீட்க வாய்ப்புண்டு.