எலும்பு முறிவும் உழைச்செல்வானும்

திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுக்கின்றார். நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, உழைச்செல்வான் என்பன அவை. 'உழை' என்பது பக்கத்தைக் குறிக்கும் சொல். நோயாளியின் பக்கத்திலிருந்து பணிபுரிபவனே உழைச்செல்வான். கையோ காலோ முறிந்த குழந்தைக்கு இந்நான்காம் கூறாக அமைவோர் பெற்றோரும் ஆசிரியரும் ஆவர். முறிவை நேர்செய்து கட்டுப் போடுவது மருத்துவருக்குச் சில மணி நேரப் பணி. எஞ்சிய வாரங்கள் யாவும் உழைச்செல்வானின் பொறுப்பு. அப்பொறுப்பு யாதென ஈண்டுக் காண்போம்.

பசுங்கொம்பு அனைய எலும்பு

உலர்ந்த குச்சியை வளைத்தால் இரண்டாக ஒடியும். பச்சை வேப்பங்கொம்போ ஒருபுறம் நார் பிளந்தும் மறுபுறம் ஒடியாது வளைந்தும் நிற்கும். சிறுவரின் முறிவுகள் பல இத்தகையன. மருத்துவ நூலோரும் இதனைப் பசுங்கொம்பு முறிவு என்னும் பொருள்படவே வழங்குவர். சிறுவரின் எலும்பைப் போர்த்திருக்கும் உறை தடித்தது, குருதியோட்டம் மிக்கது. ஆதலின் முறிவு விரைந்து கூடுகின்றது. முன்கை எலும்பு பெரும்பாலும் 4 முதல் 6 வாரங்களில் கூடிவிடும். தொடை எலும்புக்கு மேலும் சில வாரங்கள் வேண்டும்.

முறிந்த இடத்தில் முதலில் குருதி உறையும். பின்னர் மென்மையான இணைப்புத் தோன்றும். அது கெட்டிப்பட்டு எலும்பாகும். அதன்பின் மாதக்கணக்கில் எலும்பு தன்னைத்தானே செதுக்கிக்கொள்ளும். சிறு வளைவுகள் இவ்வாறே நிமிர்ந்துவிடும். ஆனால் முறுக்கிக் கூடிய எலும்பு தானாகச் சீர்பெறுவதில்லை. எலும்பின் முனையை அடுத்துள்ள வளர்தட்டு சிதைந்திருப்பின், கை கால் நீளத்திலோ நேர்மையிலோ பின்னர்க் குறை தோன்றக்கூடும். வலி நின்றுவிட்டது என்பதால் மருத்துவர் குறித்த நாளில் மீண்டும் காட்டாது விடுதல் இதனாலேயே தவறாகின்றது.

கட்டும் காவலும்

பத்தாம் நூற்றாண்டில் குர்துபா நகருக்கு அருகில் தோன்றிய அஸ்ஸஹ்ராவீ, தம் 'அத்தஸ்ரீஃப்' நூலின் 30ஆம் பகுதியில் முறிவுகளையும் மூட்டு நழுவல்களையும் விரித்துரைத்தார். இன்று நாம் காணும் மாவுக்கட்டை 1852இல் வழக்கிற்குக் கொணர்ந்தவர் டச்சுப் படை மருத்துவர் மத்தைசென் ஆவார். நம் ஊர்களில் புத்தூர்க் கட்டின்மேல் நம்பிக்கை கொண்டோர் பலர். வழிவழி வந்த கைத்திறனை இகழ்வது எம் நோக்கமன்று. எனினும் எக்ஸ்ரே எடுத்துப் பாராமல், குறிப்பாக முழங்கை முறிவுக்கு, மூங்கில் பத்தை வைத்து இறுகக் கட்டுதல் பெருந்தீங்கு பயக்கும்.

முறிந்த இடம் முதல் இரண்டு மூன்று நாட்களில் வீங்கும். கட்டு இடங்கொடாவிடின் குருதியோட்டம் தடைப்படும், தசை மடியும், விரல்கள் மடங்கியவாறே நின்றுவிடும். செருமானிய மருத்துவர் வோல்க்மன் 1881இல் இதனை விளக்கி எழுதினார். எனவே உழைச்செல்வான் முதலிற் பார்க்க வேண்டியது விரல் நுனியே. விரல் வெளுத்தோ நீலம் பாரித்தோ குளிர்ந்தோ மரத்தோ போனாலும், மருந்து கொடுத்தும் வலி ஏறிக்கொண்டே சென்றாலும், விரலை நிமிர்த்தும்போது குழந்தை துடித்து அழுதாலும், விடியட்டும் எனக் காத்திராது உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். ஓரிரவுத் தாமதம் ஒரு கையையே பறித்துவிடும்.

ஏனைய காவல்கள் எளியன. முறிந்த உறுப்பைத் தலையணைமேல் உயர்த்தி வைத்தல், விரல்களை அடிக்கடி அசைக்கச் செய்தல், கட்டு நனையாது காத்தல் ஆகியன அவை. அரிப்பெடுக்கும்போது அளவுகோலையோ குச்சியையோ உள்ளே விடலாகாது. தோல் கிழிந்து சீழ் பிடிக்கும்.

உணவைப் பற்றியும் ஒரு சொல். ஆட்டுக்கால் சாறு சுவையும் தெம்பும் தருவது. ஆயினும் அதில் சுண்ணாம்புச் சத்து நாம் எண்ணுமளவு இல்லை. பால், தயிர், கேழ்வரகு, முள்ளோடு உண்ணும் நெத்திலி, முட்டை ஆகியவற்றோடு சிறிது வெயிலும் வேண்டும்.

கட்டுப் பிரித்த பின்

கட்டைப் பிரித்ததும் கை மெலிந்தும் விறைத்தும் தோலுரிந்தும் காணப்படும். குழந்தை அஞ்சும், பெற்றோரும் அஞ்சுவர். இது சில வாரங்களில் மாறும் இயல்பான நிலையே. எண்ணெயிட்டு அழுத்தி நீவுவதும் மூட்டை வலிந்து மடக்குவதும் கூடா. முழங்கையில் அவ்வாறு செய்தால் தசைக்குள்ளேயே எலும்பு வளர்ந்து மூட்டு இறுகிப் போவதுண்டு. பந்து உருட்டுதல், மாவு பிசைதல், தானே சோறு பிசைந்து உண்ணுதல் போன்றவற்றால் குழந்தை தானாகவே கையைப் பழக்கட்டும். ஓட்டமும் மரமேற்றமும் மருத்துவர் இசைவு தரும்வரை பொறுக்கலாம்.

ஆசிரியர்க்கும் இதிற் பங்குண்டு. எழுதும் கை முறிந்த மாணவனிடம் வாய்மொழியாக விடை கேட்கலாம். குறிப்பெடுக்க ஒரு தோழனை அமர்த்தலாம். கால் முறிந்தவனுக்காக வகுப்பைத் தரைத்தளத்திற்கு மாற்றலாம். மரமேறி விழுந்தவனை 'உன்னால் வந்த வினை' என நாளும் இடித்துரைத்தல் மட்டும் வேண்டா. அச்சம் மிகுந்த குழந்தை வலியைச் சொல்லாது மறைக்கும். மறைத்த வலியே முன்னர்க் கூறிய தீங்குகட்கு வாயிலாகும். 'இப்போது எப்படி இருக்கிறது?' எனக் கனிவோடு கேட்டு, சொல்வதைப் பொறுமையுடன் செவிமடுப்பவனே நல்ல உழைச்செல்வான்.